என் பேர் வெட்டிய சிலிண்டர்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரை எடைபோட ஒரே கேள்வி போதும். "சொந்த ஊடுங்களா, வாடகைங்களா?" ஜாதகம் கைமாறுவதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரிடம், என்ன நோய் என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். வாடகை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் குரலில் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு கேஸ் சிலிண்டரை வாடகைக்குக் கேட்டுக்கொண்டு, கணபதிப் பகுதியில் இருக்கும் ஒரு கேஸ் கடைக்குப் போனேன்.

சமையல் கேஸ் இல்லை, ஆர்கான். எவர்சில்வரைப் பற்றவைக்க அந்த கேஸ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற டீச்சர் என்றால் டியூஷன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயிலுக்கு நடக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கல் ஒட்ட வேண்டும் என்று ஊர் ஒரு முடிவோடு இருக்கிறது. தொழிற்பேட்டையில் பத்து நாள் வெல்டிங் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் அதில் போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டு தகடுகள் முதல்தடவையாக என் கையால் ஒன்றுசேர்ந்து, நடுவில் மெல்லிய வெள்ளிக்கோடு படிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வெல்டிங் மெஷின் வாங்கி வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டில் வைத்தபோது நாத்தனார் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க அண்ணி, அண்ணனுக்கு யாவாரம் ஏதாச்சும் டல்லுங்களா?" என் வீட்டுக்காரர் மோட்டார்களுக்குச் சுற்றும் செம்புக் கம்பி வியாபாரம் செய்கிறார். வியாபாரம் ஜோராகத்தான் நடந்துகொண்டிருந்தது. பணக்கஷ்டம் இல்லாத ஒரு பெண்பிள்ளை எதற்கு நெருப்பைக் கையில் பிடிக்கிறாள் என்பது நாத்தனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணபதிக் கடைக்காரர் என்னைக் கண்டதுமே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "வாங்க மேடம். ஆக்ஸிஜனுங்களா? ஊட்டுல யாருக்குங்க முடியலீங்க?"

"எல்லாரும் நல்லா இருக்கறாங்க. எனக்கு ஆர்கான் வேணுங்க. சின்ன சிலிண்டர், வாடகைக்கு."

"கம்பெனி பேரு சொல்லுங்க மேடம்."

"கம்பெனியெல்லாம் இல்லீங்க. நான்தான். ஊட்டுலயே பொழுதுபோக்கா வெல்டிங் பண்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று தேடினார் போலிருக்கிறது. "சார் வரலீங்களா?" என்றார்.

வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட வேண்டுமாம். "சிலிண்டர் கேஸ் கம்பெனியோட சொத்துங்க மேடம். நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாரப் போய்ப் புடிக்கறதுங்க? சார் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டார்னாப் போதும். சார் நம்பர் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்." நான் நம்பரைச் சொன்னேன். பழக்க தோஷம்தான், வேறென்ன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கையெழுத்தை நம்பி அவர்களுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கொடுத்தார்கள். இங்கே ஓர் இரும்புக் குடுவையைக் கொடுக்க அது போதவில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது, நல்ல புத்திதான் சொன்னார். "வாடகைன்னா நிம்மதிங்க மேடம். தீந்துபோச்சுன்னா காலியக் குடுத்துப்போட்டு ரொம்புனத எடுத்துட்டுப் போய்ட்டே இருக்கலாம். சொந்தம்னா அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா டெஸ்டிங் அனுப்போணும், வால்வு போனா நீங்கதான் மாத்தோணும். எதுக்குங்க அந்தத் தலவலி?" அவ்வளவு நீளமாகப் பேசினாரே, என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். சொந்தம்.

"சொந்தமா வாங்கறதுக்கு யார் கையெழுத்து வேணும்?" என்றேன்.

"அதுக்கு எதுக்குங்க கையெழுத்து? பணத்தக் கட்டுனா எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வீடு மாமனார் பேரில் இருந்தது, அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. கார் அவர் கம்பெனி பேரில் இருக்கிறது. தோட்டம் அவருக்கும் அவர் தம்பிக்கும். சமையல் கேஸ் இணைப்பு இன்னும் மாமியார் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, மாமியார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. செத்துப்போனவருக்கு மாதாமாதம் சிலிண்டர் வந்து இறங்குகிறது, நான் வாங்கிச் சமைக்கிறேன். என் பேரில் இருப்பவை ஆதார் அட்டையும் பென்ஷன் கணக்கும்தான். யாரும் எனக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஆசை வந்துவிட்டது. என் பேரில், என் பணத்தில், எனக்கென்று ஒரு பொருள் இருக்க வேண்டும். அது சிலிண்டராக இருந்தால் என்ன?

மறுநாள் பென்ஷன் கணக்கிலிருந்து பணத்தைக் கட்டிப் புத்தம்புது சிலிண்டரை எடுத்துக்கொண்டேன். பத்து லிட்டர் அளவு, இடுப்பு உயரம்கூட இல்லை. பில்லை இரண்டு நாளில் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்து, சிலிண்டரை மடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, நேராக டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பேர் வெட்டுவதற்காக.

பேர் வெட்டாத பாத்திரம் எங்கள் சமையலறைகளில் கிடையாது. என் சமையலறையில் குடத்தில் அப்பா பேர் இருக்கிறது, இட்லிப் பானையில் மாமியார் பேர், தூக்குப் போசியில் வீட்டுக்காரரின் இனிஷியல். தட்டுகளில் யார் யாரோ எங்களை அன்புடன் வாழ்த்தியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. பலகாரம் போட்டுக் கொடுத்தனுப்பிய போசி எத்தனை வீடு சுற்றினாலும் பேரைப் பார்த்து நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்துகூட வந்துவிடும். பாத்திரத்துக்கு நடப்பது சிலிண்டருக்கு நடக்காதா என்று நினைத்தேன். இயற்பியல் படித்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சிலிண்டரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "யாரு குடுத்ததுன்னு போடோணுங்க?"

"நான்."

"யாருக்குன்னு போடறதுங்க?"

"எனக்கு."

மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பப் பேரு மட்டும் வெட்டிடட்டுங்களா? இனிசியல் என்னங்க?"

"இனிஷியல் வேண்டாங்க."

சிலிண்டரின் உடம்பில் கீறல் விழக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், வால்வைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தில் வெட்டச் சொன்னேன். முழுப் பேரையும் வட்டமாக வெட்டிக் கொடுத்தார். எழுத்துகள் அழகாக விழுந்திருந்தன. கல்யாணப் பத்திரிகையில் என் பேரை அச்சில் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. பில் வந்ததா வரவில்லையா என்று அதற்குப் பிறகு நான் நினைக்கவே இல்லை. அதுதான் பேர் வெட்டியாகிவிட்டதே.

அடுத்த நான்கு மாதங்கள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தன. ரோஜாத் தொட்டிகளுக்கு ஸ்டாண்டு செய்தேன், துணி காயப்போட மடக்குக் கொடி செய்தேன். முதலில் செய்த செருப்பு அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், அதை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் வால்வை மூடிவிட்டு வளையத்தைத் துணியால் ஒரு தடவை துடைப்பேன். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

கேஸ் தீர்ந்த சமயம் பார்த்து உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம் வந்தது. இரண்டு நாள் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "உனக்கு ஒரு வேல மிச்சம். சிலிண்டர ரொப்பிக் கொண்டாந்து வெச்சுட்டேன். அஞ்சே நிமிசந்தான், காத்திருக்கவே இல்ல."

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த, தோளில் நசுங்கிய ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஏதோ ஒரு கேஸ் கம்பெனியின் பேர் பாதி சுரண்டப்பட்டிருந்தது. டெஸ்டிங் தேதி முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. வளையத்தில் பாதியைக் காணோம்.

"ஏனுங்க, இது என்னுது இல்லீங்க."

"எது?"

"சிலிண்டர்."

அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அதே சைஸ்தானே அம்மணி? கேஸ்தானே நமக்கு முக்கியம்? சமையல் கேஸ் கொண்டாரவன்கிட்ட நம்ம சிலிண்டர்தான் வேணும்னு என்னிக்காச்சும் கேட்டிருக்கறமா?"

முப்பது வருஷமாகச் சண்டைபோட ஒரு காரணம் கொடுக்காத மனுஷன். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, குடி கிடையாது, என் பென்ஷனில் கை வைத்தது கிடையாது. எல்லாமே என் நல்லதுக்குத்தான் செய்வார். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. கெட்டவராக இருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். நல்லவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "எல்லாம் ஒண்ணுதானுங்களே மேடம்" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணில்லீங்க. அதுல என் பேரு வெட்டியிருக்குது."

"பேருங்களா? சிலிண்டர்ல எதுக்குங்க மேடம் பேரு?" உண்மையாகவே திகைத்துப் போனார். "சார் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. காலியக் குடுத்தாரு, ரொம்புனதக் குடுத்தோம். உங்களுது அன்னிக்கே ரொப்பி லோடுல போயிருச்சுங்க. கிணத்துக்கடவுல ஒரு தேங்கா மிசின் பட்டறை. அட்ரஸ் தாரேன், போய் மாத்திக்கறீங்களா?" பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். என் ஷெட்டில் நிற்பது வாடகை சிலிண்டராம், ஆள் மாறிக் கொடுத்துவிட்டார்களாம். அது கேஸ் கம்பெனிச் சொத்து, தயவுசெய்து பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். என் கையெழுத்துக்குக் கொடுக்க முடியாத வாடகை சிலிண்டர், கையெழுத்தே இல்லாமல் என் வீட்டில் இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் துருப்பிடித்ததைக் காரில் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிணத்துக்கடவுக்குக் கிளம்பினோம். வீட்டுக்காரர்தான் ஓட்டினார். செய்த தப்புக்குப் பரிகாரம் என்று அவராகவே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தப்பு என்னவென்று அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பட்டறை ரோட்டோரத்திலேயே இருந்தது. தேங்காய்ப்பால் காய்ச்சுகிற எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே போன வேகத்தில் பார்த்துவிட்டேன். மூலையில் சங்கிலியால் கட்டி என் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. வளையத்தில் என் பேர் அப்படியே இருந்தது. தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்ததுபோல ஓடிப்போய்த் தொட்டேன், வெட்கமாகக்கூட இல்லை.

பட்டறை முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது உங்க பேருங்களா? நாங்க அது கேஸ் கம்பெனி பேருன்னுல்லங்க நெனச்சோம்! புதுசா ஒரு கம்பெனி வந்திருக்குது, கேஸ் சுத்தமா இருக்குதுன்னு நம்மாளுங்க சொன்னாங்க. இனிமே இந்தக் கம்பெனி கேஸையே அனுப்பச் சொல்லலாம்னு இருந்தேனுங்க." வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கம்பெனியாக இருப்பது அந்த நிமிஷத்தில் நன்றாகத்தான் இருந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் கடைக்காரரு எங்கிட்டக் கேட்டா சொல்லோணுமல்லங்க, அதுக்காகக் கேக்கறேன். பில்லு இருந்தாக் காட்டுங்க, ஒரு போட்டோப் புடிச்சுக்கறேன்."

பில். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் செல்போனை எடுத்துவிட்டார். "பில்லு நம்மகிட்ட இருக்குதுங்க" என்று பெருமையாக நீட்டினார்.

பட்டறைக்காரர் அதைப் பெரிதாக்கிப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கம்பிக் கம்பெனியின் பேர், அதன் முகவரி, அதன் வரி எண். சிலிண்டர் ஒன்று. என் பேர் எங்கேயும் இல்லை. வாங்கியவர் கட்டத்தில் இல்லை, கீழே சின்ன எழுத்தில்கூட இல்லை.

"ஓ, சாரோட கம்பெனிங்களா!" பட்டறைக்காரர் குரலில் ஒரு தெளிவு வந்துவிட்டது. அதுவரை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் என்னங்க சார், எடுத்துக்கங்க. உங்க சிலிண்டர்." சங்கிலியை அவிழ்த்து, ஆளை விட்டுத் தூக்கிக் காரில் வைக்கச் சொன்னார். இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது வளையத்தைக் காட்டி, "மேடம் பேர எவ்வளவு ஆசையா வெட்டி வெச்சிருக்கறீங்க சார். எங்களுக்கெல்லாம் இது தோணாதுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

கார் மலுமிச்சம்பட்டிக்கு வந்துவிட்டது. அவர்தான் ஆரம்பித்தார். "அதான் கெடைச்சிருச்சில்ல, இன்னும் எதுக்கு மொகத்தத் தூக்கி வெச்சுட்டிருக்கற?"

"பில்லு எப்பங்க உங்க கம்பெனி பேருக்குப் போச்சு?"

"நீ வாங்குன அன்னிக்கேதான். கடைக்காரரு போன் பண்ணி யாரு பேருக்குப் போடறதுன்னு கேட்டாரு. கம்பெனி பேர்ல போட்டா வரியத் திரும்ப எடுத்துக்கலாமல்ல. உனக்கு எதுக்கு வீண் செலவுன்னு சொன்னேன்."

"பணம் என்னுதுங்க."

"அட, நமக்குள்ள என்ன உன்னுது என்னுதுன்னு?" சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நடிப்பு இல்லை. முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

"வித்தியாசம் ஒண்ணும் இல்லீன்னா, என் பேரையே போடச் சொல்லியிருக்கலாமுங்களே."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். முன்னால் போன தேங்காய் லாரியை முந்துவதற்கு இடம் இருந்தும் முந்தவில்லை. ஈச்சனாரி தாண்டிய பிறகுதான் பேசினார். சமாதானமாக, அன்பாக, மெதுவாகச் சொன்னார்.

"சரி உடு அம்மணி. அடுத்த சிலிண்டர் உம் பேர்லயே வாங்கிக்கலாம்."

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஓர் ஆர்கான் சிலிண்டர் முப்பது நாற்பது வருஷம் உழைக்கும். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.